எந்த இடம், எந்தப் பட்டியல், எந்த விதி? இட ஒதுக்கீட்டு விவாதத்தில் இறங்குபவர்களுக்கு

சமூக நீதி பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இட ஒதுக்கீட்டில் வந்து நிற்கும். கல்லூரி மேடை, அலுவலகத் தேநீர் நேரம், கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி என்று இடம் மட்டும்தான் மாறும். அங்கே பெரும்பாலும் தோற்பது கொள்கை இல்லை, தயாரிப்பு. சமத்துவத்தை மனதார நம்பும் ஒருவர், "ஐம்பது சதவீதம்தானே வரம்பு, இங்கே மட்டும் எப்படி 69?" என்ற ஒரே கேள்வியில் தடுமாறிவிடுவார். கேட்டவருக்கும் விடை தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்டவர் ஜெயித்ததாகத்தான் சுற்றியிருப்பவர்களுக்குத் தோன்றும்.

அந்தச் சுற்றியிருப்பவர்கள்தான் முக்கியம். நேருக்கு நேர் வாதிடுகிறவர் அங்கேயே மனம் மாறுவது அபூர்வம். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேர் வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்காக. இது மனதில் இருந்தால் குரல் தானாகத் தணியும். எதிரில் இருப்பவரை மடக்கும் ஆசையும் குறையும்.

எந்தக் கருத்தைக் கேட்டாலும் பதில் சொல்லுமுன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தைப் பற்றிய பேச்சு: மாநில அரசு வேலையா, மத்திய அரசு வேலையா, கல்லூரிச் சேர்க்கையா, பதவி உயர்வா, சட்டமன்றத் தொகுதியா? எந்தப் பட்டியல்: மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலா, மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலா? எந்த விதி: அரசியலமைப்புச் சட்டப் பிரிவா, சட்டமன்றச் சட்டமா, அரசாணையா, தீர்ப்பா? நூற்றுக்குத் தொண்ணூறு வாதங்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் குழப்புவதால்தான் உயிரோடு இருக்கின்றன.

சிறந்த உதாரணம் "அம்பேத்கரே பத்து வருஷம்தான் என்று சொன்னார்" என்பது. பத்து ஆண்டு என்ற சொல் அரசியலமைப்பில் உண்மையாகவே இருக்கிறது. அதனால் "அப்படி எதுவுமே இல்லை" என்று மறுத்தால் நீங்கள்தான் பொய் சொன்னவர் ஆவீர்கள். அது இருப்பது பிரிவு 334-இல். நாடாளுமன்ற மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படும் தொகுதிகளுக்கான கால வரம்பு அது. ஒவ்வொரு பத்தாண்டிலும் திருத்தம் செய்து நீட்டிக்கிறார்கள். கடைசியாக 104-ஆவது திருத்தம் 2030 ஜனவரி வரை நீட்டித்தது. கல்விக்கான பிரிவு 15(4)-இலும் வேலைக்கான பிரிவு 16(4)-இலும் கால வரம்பு கிடையாது. ஆக, பதில் இவ்வளவுதான்: "பத்து ஆண்டு என்பது தொகுதிகளுக்கு. படிப்புக்கும் வேலைக்கும் அல்ல." இரண்டு வாக்கியம், ஒரு பிரிவு எண். இதற்கு மேல் பேசினால் வலு குறையும்.

<b>69-ஐப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்</b>

தமிழ்நாட்டில் பேசுகிறவருக்கு 69 என்ற எண் மட்டும் போதாது. அதன் உள்கணக்கு கையில் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, பட்டியல் சாதியினருக்குள் ஒரு பிரிவான அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. கூட்டினால் 69. மீதி 31 பொதுப் பிரிவு. அரசு வேலையில் இது இனச்சுழற்சி முறையாக, அதாவது எந்த வரிசை எண் இடம் எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே வகுத்த சுழற்சியாக, நடைமுறைக்கு வருகிறது. அரைச் சதவீதங்கள் இருப்பதால் சுழற்சி 200 இடங்களுக்கு ஓடுகிறது. 62 பொது, 53 பிற்படுத்தப்பட்டோர், 7 பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், 40 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 30 பட்டியல் சாதியினர், 6 அருந்ததியர், 2 பழங்குடியினர். இந்த ஏழு எண்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. சதவீதத்தில் பேசும்போது மங்கலாகத் தெரியும் விஷயம், "200 வேலையில் பழங்குடியினருக்கு இரண்டு" என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இதில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அந்த 62. "பொதுப் பிரிவு என்றால் முன்னேறிய சாதிக்காரர்களுக்கான ஒதுக்கீடு" என்று ஆதரிப்பவர்களே பேசுவதைக் கேட்கலாம். பொதுப் பிரிவு யாருக்கும் ஒதுக்கப்பட்டதல்ல. தரவரிசையில் மேலிருந்து முதல் 62 பேர், அவர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும், அந்த இடங்களில் அமர்வார்கள். அந்த 62-இல் 30 பேர் பிற்படுத்தப்பட்டோர், 12 பேர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 6 பேர் பட்டியல் சாதியினர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 48 பேரும் தங்கள் பிரிவின் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ளவர்களை வைத்துத்தான் 53-ம் 40-ம் 30-ம் நிரப்பப்பட வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பிவிட்டு மிச்சத்தைப் பொது என்று வைத்தால் என்ன ஆகும்? நல்ல மதிப்பெண் வாங்கிய ஒடுக்கப்பட்ட பிரிவினர் எல்லோரும் ஒதுக்கீட்டுக்குள் அடைபட்டுவிடுவார்கள். பொது இடங்கள் அப்போதுதான் சிலருக்கு மட்டுமான ஒதுக்கீடாக மாறும். நியமனப் பட்டியல்களைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டிய தவறு இதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம். வயது வரம்பிலோ தகுதி மதிப்பெண்ணிலோ தளர்வு பெற்றுத் தேர்வெழுதியவரைப் பொதுப் பிரிவில் சேர்க்கலாமா என்பது அந்தந்தத் தேர்வின் விதியைப் பொறுத்தது. எல்லாத் தேர்வுக்கும் ஒரே பதில் இல்லை. எதிர்த் தரப்பில் விஷயம் தெரிந்தவர் இருந்தால் இந்த இடத்தில்தான் பிடிப்பார். "அந்தத் தேர்வின் அறிவிக்கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று சொல்வதில் எந்தத் தாழ்வும் இல்லை.

பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ் வழியில் படித்தவர்கள், அரசுப் பள்ளி மாணவர்கள் ஆகியோருக்கான ஒதுக்கீடுகள் 69-உடன் கூட்டப்படுவதில்லை. அவை ஒவ்வொரு பிரிவுக்கும் குறுக்கே ஓடுபவை. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீதமும் அப்படித்தான். "69-உம் 7.5-உம் சேர்ந்து 76.5 ஆகிவிட்டது" என்று யாராவது கூட்டினால், குறுக்குக்கோடு போட்ட ஒரு கட்டத்தை வரைந்து காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது சுலபம்.

அடுத்து, முதலில் சொன்ன கேள்வி. ஐம்பது சதவீத வரம்பு எங்கே இருக்கிறது? அரசியலமைப்பில் அப்படி ஒரு எண் எழுதப்படவில்லை. நீதிமன்றம் வகுத்த வரம்பு அது. மண்டல் வழக்கு என்று நாம் சொல்லும் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1992 நவம்பர் 16 அன்று அதை உறுதி செய்தது. அசாதாரணச் சூழ்நிலைகளில் விலக்கு உண்டு என்றும் சொன்னது. தமிழ்நாடு 69-ஐக் காப்பாற்றச் சட்டம் இயற்றியது. அது 1994-இன் 45-ஆவது சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 76-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது. நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்க உருவாக்கப்பட்ட அட்டவணை அது. இதுவரை சொன்னால் சரி. இதோடு நிறுத்தாமல் "இனி எந்த நீதிமன்றமும் தொட முடியாது" என்று சேர்த்துவிடுகிறார்கள். அது சரியல்ல. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களை, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாதிக்கின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நம் பக்கத்து வாதத்திலேயே இருக்கும் இந்த ஓட்டையை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய அரசில் பட்டியல் சாதியினர் 15, பழங்குடியினர் 7.5, இதர பிற்படுத்தப்பட்டோர் 27, மொத்தம் 49.5. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் 2019-இல் 103-ஆவது திருத்தத்தால் வந்தது. இப்போது மத்திய அரசின் கூட்டுத்தொகை 59.5. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 7 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இதை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஐம்பது என்பது மீறவே முடியாத கோடு என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

<b>இரண்டு எட்டு லட்சங்கள்</b>

கிரீமிலேயருக்கும் (இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படுபவர்கள்) ஆண்டு வருமான வரம்பு எட்டு லட்சம், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் எட்டு லட்சம். ஒரே எண் என்பதால் இரண்டும் ஒரே அளவுகோல் என்று நினைக்கிறார்கள். இல்லை.

இதர பிற்படுத்தப்பட்டோரில் கிரீமிலேயரைக் கணக்கிடும் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்வதில்லை. பிற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எட்டு லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த வாய்ப்பாடு பொருந்தும். பெற்றோர் வகிக்கும் பதவி தனியாகப் பார்க்கப்படுகிறது. நலிந்த பிரிவில் சம்பளம், விவசாயம், தொழில் எல்லாம் சேர்த்து, முந்தைய ஒரே நிதியாண்டின் குடும்ப வருமானம் பார்க்கப்படும். அதோடு ஐந்து ஏக்கர் விவசாய நிலம், ஆயிரம் சதுர அடிக் குடியிருப்பு போன்ற சொத்து வரம்புகளும் உண்டு. எண் ஒன்று, அளக்கும் கோல் வேறு. இதைக் கவனிக்காமல் "அவர்களுக்கும் எட்டு லட்சம், இவர்களுக்கும் எட்டு லட்சம், என்ன நியாயம்" என்று இரு தரப்பும் கத்திக்கொள்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இதில் மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் என்ற வேறுபாடும் வரும். தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் மாநிலச் சேர்க்கையிலும் பிற்படுத்தப்பட்டோருக்குக் கிரீமிலேயர் முறை இல்லை. நலிந்தோருக்கான பத்து சதவீதமும் நடைமுறையில் இல்லை. மத்திய அரசுத் தேர்வுகளில் இரண்டு விதிகளும் உண்டு. ஒரே வீட்டில் ஒருவர் மாநிலத் தேர்வுக்கும் இன்னொருவர் மத்தியத் தேர்வுக்கும் விண்ணப்பித்தால் சான்றிதழே வேறு. வாதிடுகிறவர் மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறாரா மத்தியத்தைப் பற்றியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

"சாதியை விடுங்கள், ஏழ்மையைப் பாருங்கள்" என்பது நல்ல மனதோடு சொல்லப்படும் வாதம். அதைச் சொல்பவரை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர் தன் கண்முன் கஷ்டப்படும் ஒரு பிள்ளையை நினைத்துத்தான் பேசுவார். அந்தப் பிள்ளையின் கஷ்டம் உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு, பணம் இல்லாமைக்குத் தீர்வு பணம் என்று சொல்லுங்கள். கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை, விடுதி ஆகியவற்றில் வருமான வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கே ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இட ஒதுக்கீடு தீர்க்க நினைப்பது வேறொன்றை: அதிகாரம் உள்ள நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை. வசதியான ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்துக்கும் வாடகை வீடு மறுக்கப்படலாம். வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் அதைத் தடுக்காது.

வரலாறும் உதவும். எம்.ஜி.ஆர். அரசு 1979-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதோடு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இங்கே பொருளாதார அளவுகோல் ஏற்கெனவே சோதிக்கப்பட்டு மக்களால் நிராகரிக்கப்பட்ட ஒன்று. ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை: தேர்தல் தோல்வி ஒரு கொள்கை தவறு என்பதற்குச் சான்று ஆகாது. அதை வரலாறாகச் சொல்லுங்கள், நிரூபணமாகச் சொல்லாதீர்கள்.

<b>'தகுதி' என்ற சொல் வந்ததும்</b>

இந்தச் சொல் வந்ததும் பலருக்குக் கோபம் வரும். கோபப்படாமல், எந்தக் கட்டத்துத் தகுதி என்று கேளுங்கள். மருத்துவத்தை எடுத்துக்கொண்டால் மூன்று கட்டம் இருக்கிறது. நீட் தேர்வில் தகுதி பெறுவது முதல் கட்டம். பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது சதமானம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40-ஆவது. கலந்தாய்வில் இடம் கிடைப்பது இரண்டாவது கட்டம், அதற்குத் தரவரிசை. எம்.பி.பி.எஸ். தேர்வுகளில் தேறிப் பட்டம் வாங்குவது மூன்றாவது. அந்தத் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றே. ஒதுக்கீடு வாசலில்தான் இருக்கிறது, பட்டத்தில் இல்லை. "ஒதுக்கீட்டில் வந்த டாக்டரிடம் போவாயா?" என்ற கேள்விக்கு இந்த மூன்று கட்டமும் நிதானமான விடை.

பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சுயநிதிக் கல்லூரிகளில் வெளிநாடுவாழ் இந்தியர் இடங்கள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. அங்கே குறைந்த மதிப்பெண்ணோடு அதிகக் கட்டணம் கட்டிச் சேருபவரின் தகுதி பற்றி ஏன் இவ்வளவு பேச்சு எழுவதில்லை? இதைக் குத்தலாகக் கேட்டால் பயன் இல்லை. உண்மையான கேள்வியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் வந்தாலும் நீங்களாக நிரப்பாதீர்கள்.

கட்-ஆஃப் வித்தியாசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நினைவில் இருக்கும் எண்ணைச் சொல்லவே கூடாது. அந்த ஆண்டின், அந்தப் படிப்பின், அந்தக் கல்லூரியின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும் தவறு. ஒரு பிரிவில் கடைசி நபர் குறைவாக வாங்கியிருப்பதும் அந்தப் பிரிவின் சராசரி குறைவு என்பதும் வேறு வேறு.

தரத்தைப் பற்றிய பொதுவான அச்சத்துக்கு ஒரு எண் போதும். 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரையிலானவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, இந்தியா முழுதும் 28.4. நாட்டிலேயே மிக நீண்ட காலமாக, மிக விரிவாக ஒதுக்கீடு இருந்த மாநிலங்களில் ஒன்று கல்வியில் பின்தங்கிவிடவில்லை. ஒதுக்கீட்டால்தான் இது நடந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சத்துணவு, அரசுப் பள்ளிகள், பெருகிய கல்லூரிகள் எல்லாம் சேர்ந்த விளைவு இது. "ஒதுக்கீடு அழித்துவிட்டது" என்ற கூற்றை மறுக்க இந்த எண் போதும், அதற்கு மேல் சுமை ஏற்றினால் உடையும்.

எண்களைப் பற்றிப் பேசும்போது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். "பெரும்பாலான வழக்குகளில் விடுதலைதான், ஆகவே பொய் வழக்குகள்" என்று சொல்வார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் காவல்துறை முடித்துவைத்த வழக்குகளுக்கு ஒரு அட்டவணை, நீதிமன்றம் முடித்த வழக்குகளுக்கு வேறொரு அட்டவணை. பொய் என்று காவல்துறையே முடித்தவை முதல் அட்டவணையில் தனி வரிசையாக வரும். விடுதலை என்பது இரண்டாவது அட்டவணை. சாட்சி பிறழ்வது, ஆண்டுக்கணக்கில் இழுபடுவது, ஊரில் கொடுக்கும் அழுத்தத்தால் சமரசம் ஆவது எல்லாம் விடுதலையில் முடியும். கொலை வழக்கில் விடுதலையானால் கொலையே நடக்கவில்லை என்று நாம் சொல்வதில்லை. இந்த ஒப்பீடு யாருக்கும் புரியும்.

<b>நம் பக்கத்துக் குறைகள்</b>

இதைப் பேசாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். ஆதரித்துப் பேசுபவர்கள் செய்யும் முதல் தவறு, பெரியாரும் அம்பேத்கரும் சொல்லாததைச் சொன்னதாக மேற்கோள் காட்டுவது. எந்தத் தொகுதி, எந்த உரை, எந்த ஆண்டு என்று தெரியாத மேற்கோளை விட்டுவிடுங்கள். ஒரு போலி மேற்கோள் பிடிபட்டால் நீங்கள் சொன்ன பத்து உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டாவது, 69-ஐப் பெருமையோடு சொல்லிவிட்டு, பிற்படுத்தப்பட்ட சாதிகளே பட்டியல் சாதியினர் மேல் நடத்தும் வன்முறையைப் பற்றிப் பேசாமல் நழுவுவது. சாதி மறுப்புத் திருமணம் செய்த பிள்ளைகள் கொல்லப்படும் மாநிலம் இது. "சமூக நீதி மண் என்கிறீர்களே, தனிச் சுடுகாடு ஏன்?" என்ற கேள்வி எதிர்த் தரப்பிலிருந்து வந்தாலும் அது நியாயமான கேள்வி. வேலையில் பங்கு கொடுப்பதும் தெருவில் சமமாக நடத்துவதும் வேறு வேறு வேலைகள், முதலாவது நடந்ததால் இரண்டாவது தானாக நடந்துவிடவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். இந்த இடத்தில் மழுப்புபவரைப் பட்டியல் சாதி இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பாமல் இருப்பதுதான் சரி.

மூன்றாவது, உள் ஒதுக்கீடு, அதாவது ஒரு பிரிவின் ஒதுக்கீட்டுக்குள் அதன் ஒரு பகுதியினருக்குத் தனிப் பங்கு. அருந்ததியருக்கு 2009-இல் 3 சதவீதம் கொடுக்கப்பட்டது. மாநிலங்கள் இப்படிப் பிரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆறுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் சில நீதிபதிகள் பட்டியல் சாதியினருக்கும் கிரீமிலேயர் வேண்டும் என்று எழுதினார்கள். வழக்கில் முன்வைக்கப்பட்ட கேள்வி அதுவல்ல. ஆகவே அது கருத்து, கட்டளை அல்ல. தீர்ப்பைப் படிக்கும்போது எது முடிவு, எது வழியில் சொன்ன கருத்து என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மாறாக, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20-க்குள் வன்னியர்களுக்கு 2021-இல் கொடுத்த 10.5 சதவீதம் சென்னை உயர் நீதிமன்றத்திலும், 2022 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. காலத்துக்கேற்ற தரவு இல்லாததே முக்கியக் காரணங்களில் ஒன்று. உள் ஒதுக்கீடு கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, கணக்கைக் காட்டு என்றது. சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. முழுச் சாதிக் கணக்கு வெளியானது கடைசியாக 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் 52 சதவீதம் என்று மண்டல் குழு சொன்னதே அதை வைத்து மதிப்பிட்டதுதான்.

<b>தரவை நீங்களே வாங்குவது</b>

உங்கள் மாவட்டத்தில், உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கீடு ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். எழுதும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "ஏன் பட்டியல் சாதியினரை நியமிக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டம் ஆவணத்தில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவிக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, பிரிவு வாரியாக எண்ணிக்கை. நிரப்பப்படாமல் நிற்கும் பின்னடைவுப் பணியிடங்களின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக.

தனி நபர்களின் பெயரையும் சாதியையும் கேட்காதீர்கள். மறுக்கப்படும், மறுக்கப்பட வேண்டியதும்தான். எண்ணிக்கை போதும். ஒரே மனுவில் ஐந்து அலுவலகங்களுக்கான கேள்விகளை அடைக்காதீர்கள், ஒரு மனுவுக்கு ஒரு அலுவலகம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயன் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் நாள் கணக்கை நிரூபிக்க முடியாது.

பதிவேடு கைக்கு வந்ததும் நேரே ஊடகத்துக்கு ஓட வேண்டாம். முதலில் அது ஒரு முறை நியமனத்தின் கணக்கா, மொத்தப் பணியிடங்களின் கணக்கா என்று பாருங்கள். நான்கே இடங்கள் நிரப்பப்பட்ட ஆண்டில் பழங்குடியினர் இல்லாதது விதிமீறல் ஆகாது, சுழற்சியில் அந்த எண் இன்னும் வந்திருக்காது. 200 இடங்கள் நிரம்பியும் அந்த இரண்டு இடம் காலி என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் குற்றம் சாட்டினால் அலுவலகம் ஒரு வரியில் மறுத்துவிடும்.

<b>பேசும்போது</b>

கூட்டத்தில் யாருடைய சாதியையும் கேட்காதீர்கள், ஊகித்துச் சொல்லவும் சொல்லாதீர்கள். "நீங்களே ஒதுக்கீட்டில் வந்தவர்தானே" என்பது வாதம் அல்ல, அவமானப்படுத்துவது. உங்களோடு இருக்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்து நண்பரைச் சான்றாகக் கைகாட்டி "இவரைக் கேளுங்கள்" என்பதும் அதே தவறுதான், நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது மட்டுமே வித்தியாசம். அவர் பேச விரும்பினால் முதலில் அவருக்கு இடம் விடுங்கள். விரும்பாவிட்டால் அவர் வாழ்க்கையை உங்கள் வாதத்துக்குத் தீனியாக்காதீர்கள்.

சொற்களைக் கவனியுங்கள். 'சலுகை' என்று நீங்களே சொல்லிவிட்டு 'உரிமை' என்று வாதிட முடியாது. 'ஹரிஜன்', 'கீழ்சாதி', 'காலனிக்காரர்கள்' ஆகியவை வேண்டாம். பட்டியல் சாதியினர், ஆதிதிராவிடர், தலித் என்ற சொற்களில் அங்கே இருப்பவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அதையே பின்பற்றுங்கள். 'பிராமணர்கள் எல்லோரும்' என்று தொடங்கும் வாக்கியமும் வேண்டாம். அமைப்பைப் பற்றிப் பேச வந்தோம், பிறப்பைப் பற்றி அல்ல.

ஒரு சந்திப்பில் இரண்டு விஷயத்துக்கு மேல் எடுக்காதீர்கள். எதிர்த் தரப்பினர் ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பின்னால் ஓடாமல், "பத்து ஆண்டு விஷயத்தை முடித்துவிட்டு அதற்கு வரலாமா?" என்று கேட்டு நிறுத்துங்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்டுவிட்டு பதிலைத் தொடங்குங்கள். அவர் தலையாட்டினால் மட்டும் மேலே போங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் என்றால் பந்தியில் வேண்டாம். பத்துப் பேர் முன்னால் மாமாவோ பெரியப்பாவோ தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார், தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்.

கையில் ஒரு பக்கத் தாள் வைத்திருங்கள். 200-இன் பிரிப்பு, 15(4), 16(4), 334, மூன்று நான்கு தீர்ப்புகளின் ஆண்டு, மத்திய மாநில வேறுபாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று எழுதிவையுங்கள். அரசாணைகள் மாறுகின்றன, தீர்ப்புகள் வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். நீங்கள் சொன்ன ஓர் எண் தவறு என்று பிறகு தெரிந்தால், யார் முன்னால் சொன்னீர்களோ அவர்கள் முன்னாலேயே திருத்திச் சொல்லுங்கள், அந்த வாரத்துக்குள்.